மொகத்துல பெரிய செவப்பு மச்சமா? லேசருக்கு மலை எறங்கறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

நான் நீலகிரி மலையில இருக்கற கோத்தகிரிக்காரி. பொறக்கும்போதே இடது கன்னத்துல ஆரம்பிச்சு காதுக்குக் கீழ எறங்கி கழுத்து, தோள்பட்டை வரைக்கும் ஒரே செவப்பு. எங்க ஆத்தா சாகற வரைக்கும் "கிரகணத்தன்னிக்கு உங்கம்மா வெத்தல கிள்ளிட்டா, அதான்"னு சொல்லிட்டே இருந்துச்சு. எங்கம்மா பாவம் அதை நம்பிட்டு வருசக்கணக்கா மனசுக்குள்ள அழுதுட்டு இருந்தாங்க. கிரகணமும் இல்ல வெத்தலையும் இல்லங்க, கரு வளரும்போதே ஏதோ ஒரு செல்லுல ஜிஎன்ஏக்யூங்கற ஜீன்ல ஒத்த எழுத்து மாறிப்போயிடுது, பெரும்பாலான ஆளுங்களுக்கு இதான் காரணம்னு 2013ல கண்டுபுடிச்சாங்க. அம்மா அப்பாகிட்டருந்து வந்ததும் இல்ல, நம்ம புள்ளைங்களுக்குப் போகப்போறதும் இல்ல. இந்த ஒரு வரியை டாக்டர் சொன்னப்போ எங்கம்மா ஓபி பெஞ்சுலயே உக்காந்து அழுதாங்க.

34 வயசுல மொத லேசர், இதுவரைக்கும் 9 சிட்டிங் முடிச்சிருக்கேன். தேயிலை பேக்டரி ஆபீஸ்ல வேலை, அதனால எஸ்டேட் லைன்லருந்தும் பக்கத்து ஹட்டிகள்லருந்தும் (படுகர் ஊருங்க) யாராச்சும் புள்ளையத் தூக்கிட்டு வந்து "அக்கா உங்களுக்குப் பண்ண மாதிரி இவளுக்கும் பண்ணலாமா"ன்னு கேப்பாங்க. அத்தன பேருக்கும் சொன்னதைத்தான் இங்க எழுதறேன். நான் டாக்டர் இல்ல, அதை மனசுல வெச்சுக்கங்க.

மொத வேலை: லேசரை மறந்துட்டு, இது என்னன்னு தெரிஞ்சுக்கங்க

தோல்ல செவப்பா நீலமா பெருசா இருக்கறது எல்லாமே ஒண்ணு இல்ல. எனக்கு இருக்கறதுக்குப் பேரு போர்ட் வைன் ஸ்டெயின். பொறந்த அன்னிக்கே இருக்கும், தட்டையா இருக்கும், தானா மறையாது, நாம வளர்ற அளவுக்கு அதுவும் கூடவே வளரும், சின்ன வயசுல ரோஸா இருக்கறது முப்பது நாப்பது வயசுல கத்திரிக்கா கலருக்குப் போயி தடிச்சு மேடு தட்டும். ஒரு கண்ணாடி டம்ளர் எடுத்து அது மேல அழுத்திப் பாருங்க, தட்டையா இருக்கற ரத்தக்குழாய் மச்சம்னா டம்ளருக்கு உள்ள செவப்பு வெளுத்துப்போகும், எடுத்ததும் திரும்ப ஊறும். ஒண்ணுமே மாறாம அப்படியே பழுப்பா இருந்தா அது வேற கதை.

கொழந்தைங்களுக்கு வர்ற ஹீமாஞ்சியோமாங்கற ரத்தக்குழாய்க் கட்டியை இதோட போட்டுக் கொழப்பிக்கறவங்க ரொம்ப பேரு. எங்க தங்கச்சி பாப்பாவுக்கு பொறந்தப்போ நெத்தியில ஒரு வெளுத்த புள்ளி மட்டும்தான் இருந்துச்சு, மூணாவது வாரம் செவந்துச்சு, ரெண்டு மாசத்துல பழுத்த ஸ்ட்ராபெர்ரி ஒட்டி வெச்ச மாதிரி ஆயிடுச்சு. தங்கச்சி என்னப் பாத்து பயந்துபோயி "அக்கா, உன்னோட லேசர் டாக்டர் நம்பர் குடு"ங்கறா. ஆனா பாப்பாவுக்கு லேசரே தேவைப்படல. ப்ரோப்ரனலால்னு பழைய பிபி மாத்திரை ஒண்ணு இருக்கு, பிரான்ஸ்ல வேற வியாதிக்குக் குடுத்தப்போ கொழந்தையோட ஹீமாஞ்சியோமா சுருங்கறதைத் தற்செயலா பாத்து 2008ல எழுதினாங்க, இன்னிக்கு ட்ரீட்மெண்ட் வேணுங்கற ஹீமாஞ்சியோமாவுக்கு மொத மருந்தே அதான். சிரப்பா குடுத்தாங்க, ஒரு வருசத்துல வாடிப்போன பூ மாதிரி ஆயிடுச்சு. ஆனா மெடிக்கல்ல நீங்களா வாங்கிக் குடுத்துடாதீங்க, நாடித்துடிப்பும் பிபியும் பாத்துதான் ஆரம்பிப்பாங்க, பால் குடிக்காம இருக்கும்போதோ வாந்தி எடுக்கும்போதோ குடுத்தா சுகர் எறங்கி கொழந்தைக்கே ஆபத்து. இதுல நேரம்தான் முக்கியம். மொத மூணு நாலு மாசத்துலதான் அது கிடுகிடுன்னு வளரும், அதனால "ஒரு வயசு ஆகட்டும் பாக்கலாம்"னு உக்காந்துடக்கூடாது, கண்ணு, மூக்கு, ஒதடு பக்கம்னா அந்த வாரமே போயிடணும்.

இன்னும் ரெண்டு வகை இருக்கு. நீலமா, அமுக்குனா பஞ்சு மாதிரி உள்ள போயி, தலையக் குனிஞ்சா புசுபுசுன்னு வீங்கறது சிரை சம்பந்தப்பட்டது, அதுக்குப் பெரும்பாலும் ஊசி போட்டு உள்ளயே கட்டிப்போக வெப்பாங்க. தொட்டா சூடா இருந்து விரலுக்கடியில துடிச்சுதுன்னா அது தமனி சம்பந்தப்பட்டது, அதுல தோல் கிளினிக்குல மேலோட்டமா லேசர் அடிக்கவே கூடாது. டாப்ளர் ஸ்கேன், எம்ஆர்ஐ எல்லாம் எடுத்து பெரிய ஆஸ்பத்திரில முடிவு பண்ண வேண்டிய விசயம்.

எந்த எடத்துல இருக்குங்கறது

இதைக் கொஞ்சம் கவனமா படிங்க, முக்கியமா கைக்கொழந்தை வெச்சிருக்கறவங்க. செவப்பு நெத்தியிலயோ மேல் இமையிலயோ இருந்தா லேசருக்கு முன்னாடி கண் டாக்டர். ஸ்டர்ஜ் வெபர்னு ஒரு நெலம இருக்கு, தோல்ல இருக்கற அதே கோளாறு கண்ணுலயும் மூளை மேல இருக்கற ஜவ்வுலயும் இருக்கும், கண்ணுல பிரஷர் ஏறி பார்வையே போகலாம், வலிப்பு வரலாம். இது நெத்தியில செவப்பு இருக்கற எல்லாருக்கும் வராது, ஆனா ஒரு தடவை பாத்து நார்மல்னு சொல்லிட்டாங்கன்னு விட்டுடக்கூடாது, டாக்டர் சொல்ற கணக்குல திரும்பத் திரும்ப பாக்கணும். கோயமுத்தூர் அரவிந்த் மாதிரி எடத்துல கொழந்தைக்குக் கண் பிரஷர் பாப்பாங்க. கொழந்தை ஒரு பக்கமா கை கால் வெட்டி இழுத்துச்சுன்னா லேசர் அப்பாயின்மெண்ட் வரைக்கும் காத்திருக்காதீங்க, நேரா எமர்ஜென்சி.

ஒரு கால் முழுக்க செவப்பு இருந்து அந்தக் கால் மட்டும் தடிமனாவோ நீளமாவோ வளர்ந்தா எலும்பு டாக்டரும் பாக்கணும். முதுகுல நடு எலும்பு மேல இருந்தா தண்டுவடத்துக்கு ஒரு ஸ்கேன். அவ்வளவுதான்.

எங்க போறது, என்ன மெஷின்னு கேக்கறது

மொத ஓபிக்கு மலை எறங்க வேண்டியதில்ல, ஊட்டியிலயே இப்ப அரசு மருத்துவக்கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு, தோல் டாக்டர்கிட்ட காமிச்சு இது என்ன வகைன்னு சீட்டுல எழுதி வாங்கிக்கங்க. லேசருக்குத்தான் கோயமுத்தூரோ, இன்னும் தூரமோ போக வேண்டி வரும். போன்ல கேக்கும்போது "லேசர் இருக்கா"ன்னு கேக்காதீங்க. எல்லாரும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க, முடி எடுக்கற லேசரும் லேசர்தானே. "பல்ஸ்டு டை லேசர் இருக்கா, 595 நானோமீட்டரா"ன்னு கேளுங்க. அந்த மெஷின் நம்ம பக்கம் எல்லா ஊர்லயும் கெடையாது, அதனால வாங்கி வெச்சிருக்கறவங்க டக்குனு பதில் சொல்லுவாங்க, இல்லாதவங்க "வந்து பாருங்க மேடம்"பாங்க.

ஏன் அந்த 595ன்னா, அது மஞ்சள் வெளிச்சம். ரத்தத்துல இருக்கற ஹீமோகுளோபின் அந்த மஞ்சளைப் புடிச்சு சூடாகும், அந்தச் சூட்டுல குழாயோட சுவர் வெந்து மூடிக்கும், வெளிச்சம் விழற நேரம் ஒரு செகண்டுல ஆயிரத்துல ஒரு பங்கு கணக்குதாங்கறதால சுத்தி இருக்கற தோலுக்குச் சூடு பரவறதுக்குள்ள வேலை முடிஞ்சிடும். இந்த ஐடியாவை 1983ல ஆண்டர்சன், பாரிஷ்னு ரெண்டு பேர் எழுதினாங்க, அதுக்கு முன்னாடி இருந்த ஆர்கான் லேசர்ல பல பேருக்கு செவப்பு போயி தழும்புதான் மிச்சமாகும். தடிச்சுப்போன, ஆழமான எடத்துக்கு 755, 1064ன்னு வேற லேசர் சேப்பாங்க, ஆனா 1064ல கை கொஞ்சம் தவறுனா தழும்பு, அது அனுபவம் உள்ள கை இருக்கற எடத்துல மட்டும்.

என் கதைய சொல்றேன். மொத தடவை நான் அவசரப்பட்டு, கீழ ஒரு ஊர்ல "பிறவி மச்சம் ஒரே சிட்டிங்கில்"னு பேனர் வெச்சிருந்த ஒரு கிளினிக்குக்குப் போயிட்டேன், பேரு வேணாம். ஐபிஎல்னு சொன்னாங்க, கிரிக்கெட் இல்லங்க, அது லேசரும் இல்ல, பல கலர் கலந்த பளிச் வெளிச்சம். நல்ல கையில அதுவும் சில பேருக்கு வேலை செய்யும்தான். ஆனா என் நெறம் மாநிறத்துக்கும் கொஞ்சம் மேல, டெஸ்ட் எதுவும் பண்ணாம நேரா கழுத்து முழுக்க அடிச்சாங்க. ராத்திரி கொப்புளம். மூணு வாரம் கழிச்சுப் பாத்தா கழுத்துல மேரி பிஸ்கட் இல்ல, அந்த நீள சதுர பிஸ்கட் இருக்குமே, அந்த சைஸ்ல வரிசையா அஞ்சு வெள்ளைப் பட்டை. அதுல மூணு இன்னும் இருக்கு. செவப்பு மச்சத்துக்கு நடுவுல வெள்ளைக் கோடு, அணில் முதுகு மாதிரி.

அதனால டெஸ்ட் பேட்ச் இல்லாம சேர்ல உக்காராதீங்க. நம்ம தோல்ல இருக்கற கருமையும் அதே வெளிச்சத்தைப் புடிக்குது, வெளிச்சம் ரத்தக்குழாய்க்குப் போறதுக்கு முன்னாடி மேல்தோல்லயே பாதி செலவாயிடும், மேல்தோல்தான் வேகும். நம்ம நெறத்துக்கு அளவைக் கொறச்சு, குளிர்ச்சிய கூட்டி அடிக்கணும். மச்சத்தோட ஓரத்துல மூணு நாலு புள்ளி வேற வேற அளவுல அடிச்சுட்டு, ஒரு மாசம் ஒண்ணரை மாசம் கழிச்சு எந்தப் புள்ளி நல்லா வெளுத்திருக்கு, எது கருத்துப்போச்சுன்னு பாத்துதான் முழுசா பண்ணணும். "அதெல்லாம் வேணாம்மா, நாங்க ஆயிரம் கேஸ் பாத்தாச்சு"ன்னா பைய எடுத்துட்டு கெளம்பிடுங்க.

ரொம்பப் பெரிய மச்சம்னா போன்லயே அளவு சொல்லணும். உங்க உள்ளங்கைய விரலோட சேத்து மேல வெச்சுப் பாருங்க, அது உங்க உடம்புத் தோல்ல சுமாரா 1 சதவீதம், "எனக்கு ரெண்டு உள்ளங்கை அளவு"ன்னு சொன்னா அவங்க ஒரே நாள்ல முடியுமா, பிரிச்சுப் பண்ணணுமான்னு சொல்லிடுவாங்க. கொழந்தைக்குன்னா கொழந்தையோட கை.

வெயில்: நம்ம மலைக்காரங்க மட்டும் தனியா படிக்க வேண்டியது

கீழ இருக்கற டாக்டர் "வெயில்ல போகாதீங்க"ன்னு சொன்னதும் நாம மனசுக்குள்ள சிரிச்சுப்போம், எங்க ஊர்ல ஏது வெயில்னு. இங்கதான் எல்லாரும் கோட்ட விடறது. ஆயிரம் மீட்டர் ஏற ஏற அல்ட்ரா வயலட் சுமாரா 10 சதவீதம் கூடும், ஊட்டி 2,240 மீட்டர், நீங்களே கணக்குப் போட்டுக்கங்க. குளிருக்கு எதமா இருக்குன்னு காலைல பத்து மணிக்கு வாசப்படியில உக்காந்து காயறோம்ல, அதான் வில்லன். டிசம்பர் ஜனவரில ராத்திரி உறைபனி விழுந்து காலைல வானம் கழுவி விட்ட மாதிரி நீலமா இருக்குமே, அந்த மாசத்துல மொகம் கருக்கற மாதிரி மே மாசம் கோயமுத்தூர்ல கூட எனக்குக் கருத்ததில்ல. மஞ்சு எறங்கி எதிர்ல வர்ற ஆள் தெரியலன்னாலும் அந்த மஞ்சு அல்ட்ரா வயலட்டை முழுசா தடுக்காது, சூடு மட்டும்தான் தெரியாம போகுது.

தோல் கருத்திருந்தா லேசர் அடிக்க மாட்டாங்க, அடிச்சா வேகும். ரெண்டாவது சிட்டிங்குக்கு நான் எங்க சின்னம்மா வீட்டுத் தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்க ரெண்டு வாரம் ஒத்தாசைக்கு நின்னுட்டு அப்படியே போனேன், டாக்டர் கன்னத்தைப் பாத்துட்டு கையப் பாத்துட்டு "கொழுந்து பறிச்சீங்களா"ன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாரு. ஒரு நாள் லீவும் பஸ் காசும் போச்சு. அதனால சிட்டிங்குக்கு நாலு வாரம் முன்னாடியிலருந்தே:

சன்ஸ்கிரீன் எஸ்பிஎஃப் 30க்கு மேல, ஜிங்க் ஆக்ஸைடு இருக்கறது நல்லது, லேசா தோல் கலர்ல டின்ட் இருந்தா இன்னும் நல்லது. ஆள்காட்டி விரல், நடு விரல் ரெண்டு மேலயும் நீளமா பிதுக்குனா வர்ற அளவு மொகத்துக்கும் கழுத்துக்கும் வேணும், நாம போடறது பொட்டு வைக்கற அளவு. ரெண்டு மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை திரும்ப. ஆறு மாசத்துக்குக் கீழ இருக்கற கொழந்தைக்கு கிரீம் வேணாம், நெழலும் துணியும் போதும்.

கொழுந்து பறிக்கறவங்க தலைக்குக் கட்டற துணிய முன்னாடி நல்லா எறக்கிக் கட்டிக்கங்க, அகலமா விளிம்பு வெச்ச தொப்பி இருந்தா இன்னும் தேவலை. குரங்குக் குல்லா கன்னத்தை மறைக்கும்தான், ஆனா லேசர் முடிஞ்ச வாரத்துல கம்பளி ஒரசுனா தோல் உரியும், உள்ள ஒரு மெல்லிசு பருத்தித் துணி வெச்சு அதுக்கு மேல போடுங்க.

மலை எறங்கற நாள்

பெரியவங்களுக்கு இதுல பெரிய வேலை இல்ல. மரப்பு கிரீம் தடவி ஒரு மணி நேரம் மூடி வெப்பாங்க, அதையும் சேத்து காலைல பத்து மணிக்கு அங்க இருக்கற மாதிரி கெளம்புங்க. அந்த கிரீமை வீட்டுலயே தடவிட்டு வந்தா டைம் மிச்சம்னு யாராச்சும் சொன்னா கேக்காதீங்க, பெரிய எடத்துல கிலோ கணக்கா அப்புனா மருந்து ரத்தத்துல ஏறும், கைக்கொழந்தைக்கு நீலம் பாரிக்கற அளவுக்குப் போகலாம். எவ்வளவுங்கறதை அவங்கதான் சொல்லணும்.

கொழந்தைக்கு பெரிய மச்சம்னா மயக்கம் குடுத்துப் பண்ணுவாங்க. வெறும் வயித்தோட இருக்கணும், எத்தன மணிக்கு மேல பால் கூடாதுன்னு முந்தின நாளே சொல்லுவாங்க. இப்ப யோசிங்க, விடிகாலை நாலு மணிக்கு பசியில அழற கொழந்தைய வெச்சுக்கிட்டு கொண்டை ஊசி வளைவுல எறங்கறதை. குன்னூர் ரோட்டுல மட்டும் பதினாலு வளைவு. முந்தின நாள் சாயங்காலமே எறங்கி மேட்டுப்பாளையத்துலயோ கோயமுத்தூர்லயோ சொந்தக்காரங்க வீட்டுல தங்கிடுங்க, முடிஞ்ச அன்னிக்கும் ஏறாதீங்க, மயக்கம் தெளிஞ்ச கொழந்தை பர்லியார் தாண்டறதுக்குள்ள வாந்தி எடுக்கும்.

தேதி குடுக்கும்போது ரெண்டு விசயம் பாத்துக்கங்க. அக்டோபர், நவம்பர்ல வடகிழக்கு மழை, மேட்டுப்பாளையம் ரோட்டுல மரமோ மண்ணோ சரிஞ்சா அன்னிக்கு அப்பாயின்மெண்ட் அவ்வளவுதான், குன்னூர் வழி போச்சுன்னா கோத்தகிரி வழி, கோத்தகிரி வழி போச்சுன்னா குன்னூர் வழின்னு ரெண்டையும் விசாரிச்சுட்டு கெளம்புங்க. மே மாசம் சீசன்ல ஏறறதுக்கு ஒரு வழி எறங்கறதுக்கு ஒரு வழின்னு மாத்தி விட்டுடுவாங்க, டிராபிக் வேற. நான் முடிஞ்ச வரைக்கும் இந்த ரெண்டையும் விட்டுட்டுதான் தேதி கேப்பேன்.

டாக்டர்கிட்ட மறைக்காம சொல்ல வேண்டியது: ரத்தம் ஒறையாம இருக்கறதுக்கு மாத்திரை சாப்புடறீங்களா, பருவுக்கு ஐசோட்ரெடினோயின் போடறீங்களா, காது குத்துன எடம் தடிச்சு கீலாய்டு ஆகியிருக்கா, கர்ப்பமா இருக்கீங்களா. மாத்திரைய நீங்களா நிறுத்தாதீங்க, சொல்லுங்க, அவங்க பாத்துப்பாங்க.

அந்த ரூமுக்குள்ள

எல்லாருக்கும் கண்ணாடி குடுப்பாங்க. இமை மேலயே பண்ணணும்னா மரப்பு சொட்டு மருந்து விட்டு கண்ணுக்குள்ள சின்ன உலோக மூடி வெப்பாங்க, கேக்கும்போது பயமா இருக்கும், வெச்சப்புறம் ஒண்ணும் தெரியாது. மொதல்ல "புஸ்"னு குளிர்ந்த காத்து, உடனே "டப்". குளிரும் சூடும் ஒரே எடத்துல ஒரே சமயத்துல. தாளிக்கும்போது கடுகு வெடிச்சு கன்னத்துல தெறிக்கும்ல, அதே சுருக்கு, ஆனா அது ஒரு கடுகு இல்ல, எனக்கு ஒரு சிட்டிங்குக்கு எரநூறுக்கு மேல. மொத அம்பது தாங்கலாம், காதுக்குக் கீழ வரும்போது கால் விரல் தானா மடங்கும். பொசுங்குன முடி வாசம் வரும், அது பூனை முடி, பயப்படாதீங்க, ஆனா புருவத்துக்கு மேல அடிக்கறதா இருந்தா முடி பொசுங்குமேன்னு முன்னாடியே கேட்டுக்கங்க.

ஒவ்வொரு அடியும் விழுந்த எடத்துல ஒரு ரூபா காசை விட சின்னதா ஒரு வட்டம், கொஞ்ச நேரத்துல நாவப்பழக் கலருக்கு வரும். அந்தக் கலர்தான் வேணும், வேலை செஞ்சிருக்குன்னு அர்த்தம். அடிச்ச எடம் சாம்பல் வெள்ளையா மாறுச்சுன்னா மட்டும் அப்பவே சிஸ்டர்கிட்ட சொல்லுங்க, அது சூடு ஜாஸ்தி.

மொத ரெண்டு வாரம்

வீட்டுக்காரரு ஊர்ல இருந்தா அவரையும் கூட்டிட்டுப் போங்க. மெடிக்கல் காரணம் இல்ல. நாவப்பழக் கலர்ல பாதி மொகத்தோட பஸ்ஸுல ஏறுனா எல்லாரும் யாரோ அடிச்சிட்டாங்கன்னுதான் நெனப்பாங்க, எனக்கு பக்கத்து சீட்டு அக்கா காதுல வந்து "கண்ணு, போலீஸ்ல சொல்லலாம், நான் வர்றேன்"னாங்க. நல்ல மனசு. மறுநாள் எங்க வீட்டுக்காரரை பேக்டரில எல்லாரும் ஒரு மாதிரி பாத்தாங்களாம், ரெண்டு நாள் என்கிட்ட பேசவே இல்ல அவரு. ஆபீஸ்ல முன்னாடியே சொல்லி வெச்சுடுங்க.

அந்தக் கலர் ஒரு வாரத்துலருந்து ரெண்டு வாரம் இருக்கும். மறுநாள் காலைல கண்ணு சுத்தி வீங்கும், ரெண்டு தலகாணி வெச்சு தலைய ஒசத்திப் படுத்தா கொறையும். துணியில சுத்துன ஐஸ் பத்து நிமிசம் வெக்கலாம், ஐஸை நேரா வெக்காதீங்க, வெளிய குளிருதே அதே போதும்னும் நெனக்காதீங்க, அந்தக் காஞ்ச காத்து தோலை வெடிக்க வெக்கும். டாக்டர் எழுதிக் குடுத்த களிம்பு இல்லன்னா வெறும் வாசலின், மெல்லிசா. மஞ்சள், பேஸ்ட், தேங்கா எண்ணெய், யாரோ அரைச்சுக் குடுத்த தழை, எதுவும் வேணாம்.

நம்ம ஊர்ப் பழக்கம் ரெண்டை ஒரு வாரத்துக்கு நிறுத்தணும். ஒண்ணு கொதிக்கக் கொதிக்க ஊத்திக் குளிக்கறது, வெதுவெதுன்னு போதும், மொகத்துக்கு சாதா தண்ணி. இன்னொண்ணு விறகடுப்பு முன்னாடி மொகத்தைக் காட்டிட்டு உக்கார்றது. எங்கம்மாவுக்கு இதைப் புரிய வெக்கறதுதான் பெரும்பாடு, "குளுருல என்ன பண்ணுவா புள்ள"ன்னு நான் அசந்த நேரம் பாத்து கரிச்சட்டியக் கொண்டு வந்து கட்டிலுக்குக் கீழ வெச்சுடுவாங்க. மூடுன ரூம்ல கரிச்சட்டி மச்சம் இருந்தாலும் இல்லாட்டியும் ஆபத்துங்க.

ஒண்ணு ரெண்டு சின்னக் கொப்புளம் வந்தா ஒடைக்காம போன் பண்ணிக் கேளுங்க. சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடுற வலி, இதுக்கு போன் வேணாம், நேர்ல. செதில் கட்டுனா அதுவா விழட்டும். ஆம்பளைங்க அந்தப் பக்கம் ஷேவ் பண்ணாம விடுங்க.

காசு

எடத்துக்கு எடம் ரொம்ப வித்தியாசம், நான் தொகை சொன்னா தப்பாயிடும். "ஒரு சிட்டிங்குக்கா, ஒரு அடிக்கா, முழு மச்சத்துக்குமா, மயக்க டாக்டர் தனியா"ன்னு நாலு கேள்வி கேட்டு பேப்பர்ல எழுதி வாங்குங்க. பத்து சிட்டிங் பேக்கேஜ்னு மொத்தமா கட்டாதீங்க, மூணாவதுலயே உங்களுக்கு இது வேலை செய்யலன்னு தெரிஞ்சா காசு திரும்பாது. இன்சூரன்ஸ் இருந்தா பாலிசில "எக்ஸ்டர்னல் கன்ஜெனிடல்"னு ஒரு வரி இருக்கான்னு பாருங்க, வெளிய தெரியற பிறவிக் கோளாறுக்குக் குடுக்க மாட்டோம்ங்கறது அதுலதான் ஒளிஞ்சிருக்கும். அரசுக் காப்பீட்டு அட்டை இருந்தா ஆஸ்பத்திரி காப்பீட்டு கவுன்டர்ல முன்கூட்டியே கேட்டுடுங்க.

எத்தன தடவை, எப்ப போதும்னு சொல்றது

நாலு வாரத்துலருந்து எட்டு வாரத்துக்கு ஒரு தடவை, எட்டு பத்து சிட்டிங் சாதாரணம், அதுக்கு மேலயும் போகலாம். முழுசா மறையறது கொஞ்ச பேருக்குத்தான். பாதிக்கு மேல வெளுத்தா அது நல்ல ரிசல்ட். கழுத்தும் கன்னத்து ஓரமும் சீக்கிரம் கேக்கும், மூக்குப் பக்கமும் மேல் ஒதடும் கேக்காது, கை கால் இன்னும் மோசம், பாதம் பக்கம் போகப் போக ரொம்பக் கஷ்டம். சின்ன மச்சம் வெளுக்கற அளவுக்குப் பெரிய மச்சம் வெளுக்காது. கொழந்தையில ஆரம்பிச்சா தோல் மெல்லிசு, மச்சமும் சின்னது, அதனால நல்லா வெளுக்க வாய்ப்பு ஜாஸ்தி. அதுக்காக என்ன மாதிரி முப்பது தாண்டுனவங்க போகவே கூடாதுன்னு இல்ல.

போட்டோ எடுத்து வெச்சாதான் மாத்தம் தெரியும், தெனம் கண்ணாடியில பாக்கற நமக்குத் தெரியாது. ஆனா எப்படி எடுக்கறதுங்கறதுல ஒரு சூட்சுமம் இருக்கு. குளிர்ல நின்னா இந்த மச்சம் ஊதாவா மாறும், மேடு ஏறுனா, அழுதா, கோவப்பட்டா ரத்தமா செவக்கும், கீழ எறங்கி கோயமுத்தூர் சூட்டுல பாத்தா அது வேற கலர். எங்க ஊரு ஜான்சன் ஸ்கொயர்லருந்து வீட்டுக்குப் படி ஏறி வந்ததும் எடுத்த போட்டோவைப் பாத்துட்டு நாலாவது சிட்டிங் முடிஞ்சும் ஒண்ணுமே கொறயலன்னு நான் ஒரு நாள் முழுக்க அழுதிருக்கேன். வீட்டுக்குள்ள வந்து அரை மணி நேரம் சும்மா உக்காந்துட்டு, அதே ஜன்னல், அதே நேரம், மேக்கப் எதுவும் இல்லாம எடுங்க. நான் பேக்டரி ஆபீஸ் வடக்கு ஜன்னல்ல, பின்னாடி தூள் மூட்டை தெரியற மாதிரி எடுப்பேன், எல்லா போட்டோலயும் மூட்டை பழுப்பு ஒரே மாதிரி இருந்தா வெளிச்சமும் ஒரே மாதிரின்னு அர்த்தம்.

மூணு நாலு சிட்டிங்குக்கு அப்புறம் ரெண்டு போட்டோவைப் பக்கத்துல வெச்சு டாக்டர்கிட்ட நேரா கேளுங்க, இதுக்கு மேல கொறயுமா இல்ல மெஷின் மாத்தணுமா இல்ல நிறுத்திக்கலாமான்னு. நல்ல டாக்டர் பதில் சொல்லுவாரு. வெளுத்தது சில வருசத்துல கொஞ்சம் திரும்பக் கருக்கும், புதுக் குழாய் முளைக்கும், அதுக்கு ஒண்ணு ரெண்டு டச்சப் வேணும். தடிச்ச எடத்துல மெளகு மாதிரி மொட்டு வந்து தலை சீவும்போது பட்டு ரத்தம் கொட்டுனா பதறாதீங்க, சுத்தமான துணிய வெச்சு பத்து நிமிசம் எடுக்காம அமுக்கிப் பிடிங்க, நடுவுல எடுத்து எடுத்துப் பாக்கறதாலதான் நிக்காம போகுது. நின்னப்புறம் டாக்டர்கிட்ட காமிங்க.

எனக்கு கழுத்து பாதிக்கு மேல வெளுத்தாச்சு, கன்னம் கொஞ்சம் கம்மி, மேல் ஒதட்டு ஓரம் அப்படியேதான் இருக்கு, அதை விட்டுடலாம்னு நானும் டாக்டரும் பேசி முடிவு பண்ணிட்டோம். பத்தாவது சிட்டிங் பிப்ரவரில. அதுக்கு ஜனவரி முழுக்க வாசப்படி வெயிலுக்குப் போகக்கூடாது, எங்கம்மா இப்பவே திண்ணையில எனக்காக ஒரு பழைய சேலைய மறைப்பு கட்டி வெச்சிருக்காங்க.